ருசிக்கு ஒரு திருகு

"எங்க மாட்டட்டுங்க மேடம்?" என்று கேட்டுவிட்டு அந்த ஆள் சமையல்கட்டின் நடுவில் நிற்கிறான், ஒரு கையில் டிரில், இன்னொரு கையில் அட்டைப்பெட்டியிலிருந்து அப்போதுதான் உருவியெடுத்த ஆர்.ஓ. மெஷின், நான் சிங்க்குக்கு மேலே இருக்கிற வெறும் சுவரைக் கையால் காட்டுகிறேன், அவனும் தலையாட்டிவிட்டு விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்க்கிறான், நல்லவேளை, முதல் கேள்வி கைக்கு அடங்குகிற கேள்வியாக வந்தது. எனக்குக் கேள்விகள் இரண்டே தினுசு. தலையாட்டியோ கைகாட்டியோ முடித்துவிடலாம் என்பது ஒரு தினுசு, வாயைத் திறந்தே தீரவேண்டும் என்பது மற்றது, அந்த மற்றது வரும்போது பக்கத்தில் அவர் இருந்தால் போதும், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன், அவர் பதில் சொல்லிவிடுவார். இன்றைக்கு அவர் டூட்டியில் இருக்கிறார். தோளில் பையை மாட்டிக்கொண்டே சொன்னார், "யுவராஜ்னு ஒரு ஆள் வருவான், சேலத்துக்காரன், எல்லாம் அவனே பாத்துக்குவான், நீ வாயே தொறக்க வேணாம் ரேணு." அன்பாகத்தான் சொன்னார். பஸ்ஸில் பொழுதன்னிக்கும் உள்ள போ, படியில நிக்காத என்று தொண்டை வறளக் கத்துகிற கண்டக்டருக்கு, வாயைத் திறக்காமல் ஒரு நாள் கழிவது பெரிய பாக்கியமாகத் தெரியும்போல. யுவராஜ் டிரில்லைச் சுவரில் வைத்து அழுத்துகிறான். வீடே அலறுகிறது. அந்த அதிர்வு தரை வழியாக ஏறி முழங்காலைத் தாண்டி நேராக என் தாடைக்கு வந்து நிற்கிறது, பல்லும் பல்லும் உரசுகின்றன, நான் உதட்டை இன்னும் இறுக்குகிறேன். கூடத்தில் என் மகள் மித்ரா காதைப் பொத்திக்கொண்டு கெக்கலித்துச் சிரிக்கிறாள், அவளுடைய வெள்ளைவெளேரென்ற பால்பல் வரிசை இங்கிருந்தே தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்ததாம், பால்பல் அரிசி மாதிரி இருந்துச்சு என்று அம்மா சொல்வாள், அதனால்தான் யாரும் எதையும் சந்தேகப்படவில்லை.

சுவரிலிருந்து செங்கல் பொடி கொட்டுகிறது. செம்மண் நிறத்தில், சிங்க்கில், பாத்திரத்தின் மேல், அடுப்பு மேடை மேல். துடைக்கவேண்டும் என்று துணியை எடுக்கிறேன், எடுத்த கை அப்படியே நிற்கிறது, ஏனென்றால் இந்தப் பொடியின் ருசி எனக்குத் தெரியும். அம்மா செங்கல்லைத் தட்டிச் சலித்து, அதோடு உப்பைச் சேர்த்து, விரலால் தொட்டு என் முன்பல்லின் பழுப்புக் கறையில் தேய்ப்பாள், நாலாம் வகுப்பா ஐந்தாம் வகுப்பா, ஈறு கிழிந்து ரத்தம் வரும், "இன்னும் கொஞ்சம்டி, இந்தா போவுது பாரு, போவுது பாரு" என்பாள், போகவில்லை, அது போகிற கறையே இல்லை, எலுமிச்சம்பழம், அடுப்புக்கரி, சோடா மாவு, ஒன்றுக்கும் அசையவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பல் டாக்டரம்மா வந்தார்கள். எங்களை வரிசையாக வெயிலில் நிறுத்தி டார்ச்சு அடித்து, "ஆ காட்டு, ஆ, பெருசா" என்றார்கள், என் முறை வந்ததும் உள்ளே பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ எண்ணைச் சொன்னார்கள், அப்புறம் கன்னத்தைத் தட்டி, "இது அழுக்கு இல்லம்மா, தேய்க்காத. புதுப்பல்லு ஈறுக்குள்ள உருவாகும்போது குடிச்ச தண்ணி. உங்க மண்ணுல ஃபுளோரைடு ஜாஸ்தி. முளைக்கும்போதே இப்படித்தான் முளைக்கும்" என்றார்கள். ஈறுக்குள்ளே. கண்ணுக்குத் தெரியாத இடத்தில். நான் மூன்று வயதில் அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தபோதே உள்ளே எனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தது எங்கள் ஊர்க் கிணறு. கோடியனஅள்ளிக் கிணற்றுத் தண்ணீர் என்றால் சுத்துப்பட்டில் பேர், வருகிற விருந்தாளிகள் இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடிப்பார்கள், அப்படி ஒரு இனிப்பு. விஷம் கசக்கும் என்று யார் சொன்னது.

டிரில் நின்றுவிட்டது. அந்த அமைதியில் அத்தை உள்ளே வருகிறார், வாயில் வெற்றிலை, இடுப்பில் மித்ரா. "ஏஞ்சாமி, எந்த ஊருப்பா நீயி? சேலமா? உக்காந்து ஒரு வாய் காப்பி குடி, அப்பறம் ஓட்டை போடலாம்." அத்தைக்கு யாரோடும் பேசலாம், எப்போதும் பேசலாம், சிரித்தால் கடைவாய்வரை செக்கச்செவேலென்று தெரியும், அந்தச் சிவப்பைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அது அவர் போட்டுக்கொண்டது. "இந்தத் தண்ணிக்கு என்ன கேடு வந்துதுன்னு இந்த மிசினு? நீயே சொல்லு. எளநியாட்டம் இருக்குது. எங்க பவானி ஆத்துத் தண்ணிக்கு அடுத்தபடி இதைத்தான் சொல்லோணும்." பவானி. அந்தப் பேரைக் கேட்டால் இப்போதும் எனக்குள் ஏதோ இளகிக்கொடுக்கிறது. பவானி மாப்பிள்ளை என்று தரகர் சொன்னபோது எனக்கு மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்பது இரண்டாம்பட்சம், ஆறு என்பதுதான் காதில் விழுந்தது, ஆத்துத்தண்ணி குடிக்கிற ஊர், அங்கே பிறக்கிற பிள்ளை வாயைத் திறந்து சிரிக்கும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா காதோடு சொன்னாள், சிரிச்சிறாத, கேட்டதுக்குத் தலைய மட்டும் ஆட்டு. ஆட்டினேன். "அதிர்ந்து பேசாத பொண்ணு, இந்தக் காலத்துல இப்படியொரு அடக்கம் எங்க கெடைக்கும்" என்று அத்தை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனார், மூடின வாயை அடக்கம் என்று எடுத்துக்கொண்டுதான் என்னைக் கட்டிக்கொண்டு போனார்கள். கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட என் பல் கிடையாது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சாப்பிடும்போது அத்தை பார்த்துவிட்டார், ஒன்றும் கேட்கவில்லை, மறுநாள் காலையில் குளியலறை மாடத்தில் புதுப் பிரஷ் ஒன்று, உறை பிரிக்காமல், என் பக்கத்தில். அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்வதா, பிரியம் என்று எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே இல்லை. மித்ரா பிறந்தாள், ஆற்றுத் தண்ணீர் குடித்தாள், நான் நிம்மதியாக இருந்தேன், இந்த ஆடியில் அவருக்குத் தர்மபுரிக்கு மாற்றல் வந்தது.

தப்பித்தோம் என்று நினைத்த மண்ணுக்கே. ஊருக்கு வெளியே புது மனைப்பிரிவு, காவிரிக் குழாய் இந்தத் தெருவுக்கு இன்னும் வரவில்லை, எல்லா வீட்டிலும் போர் தண்ணீர், கேன்காரன் நினைத்தால் வருவான். கேன் தண்ணீரை மட்டும்தான் குழந்தைக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், சொன்னேனா? சொன்னேன், முணுமுணுப்பாகச் சொன்னேன், அத்தை காதில் விழுந்ததா தெரியவில்லை. போன வாரம் துணி காயப்போட்டுவிட்டு வருகிறேன், அத்தை சிங்க் குழாயில் டம்ளரைப் பிடித்து மித்ரா வாயில் வைக்கிறார், "கேனுத்தண்ணி பிளாஸ்டிக் நாத்தமடிக்குது, புள்ள மூஞ்சியச் சுளிக்குது, பாவம், இதுன்னா மடக்மடக்குன்னு குடிச்சிப்போடுது பாரு" என்கிறார் பெருமையாக. எவ்வளவு நாளாக என்று கேட்கவேண்டும், கேட்க வாய் வரவில்லை, அன்று ராத்திரி அவரிடம் அழுதேன், அவர் உடனே இந்த மெஷினுக்குச் சொன்னார். ஆடி, ஆவணி, புரட்டாசி. அந்தத் தண்ணீர் இந்நேரம் எங்கே இருக்கும்? கீழ்த் தாடையிலா, மேல் ஈறிலா? கொஞ்சம்தானே, கொஞ்சத்துக்கு ஒன்றும் ஆகாது, இனிமேல் கொடுக்காவிட்டால் போதும், இன்றையிலிருந்து கொடுக்காவிட்டால் போதும். யுவராஜ் பேனா மாதிரி ஒன்றைப் போர் தண்ணீரில் முக்கிப் பார்க்கிறான். "டி.டி.எஸ். ஒண்ணும் மோசம் இல்லைங்க. நல்ல தண்ணிதான் வருது உங்களுக்கு. எங்க பக்கம் பாத்தீங்கன்னா உப்பு, வாயில வெக்க முடியாது." "கேட்டயா?" என்கிறார் அத்தை என்னைப் பார்த்து, "மிசினு கொண்டாந்தவனே சொல்றான்." அந்தப் பேனா எல்லா உப்பையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுகிறது, கூட்டத்தில் எத்தனை பேர் என்று சொல்லும், அதில் திருடன் யார் என்று சொல்லாது. அதைச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். ஃபுளோரைடு என்கிற வார்த்தையை உதட்டைப் பிரிக்காமல் சொல்ல முடியுமா என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், முடியாது, கீழுதட்டில் மேல்பல் பட்டே ஆகவேண்டும். விட்டுவிடுகிறேன். மாட்டத்தான் போகிறானே, மாட்டிவிட்டால் சரி, ஆர்.ஓ. வடிகட்டிவிடும், டாக்டரம்மாவே அப்போது சொன்னார்கள், நான் எதற்கு.

வெள்ளைக் குழாய், நீலக் குழாய், கறுப்புக் குழாய். ஒன்று உள்ளே போவது, ஒன்று குடிக்க வருவது, ஒன்று கழிவு, கழிவுக் குழாயை சிங்க்குக்குள் தொங்கவிடுகிறான், "இந்தத் தண்ணிய வீணாக்காம வீடு தொடைக்க வெச்சுக்கலாம், குடிக்க மட்டும் வேணாம்." சுவிட்சைப் போடுகிறான். உள்ளே பம்பு உறுமத் தொடங்குகிறது, சின்னச் சத்தம் இல்லை, பக்கத்தில் நின்று பேசினால் பாதி கேட்காது. கழிவுக் குழாயிலிருந்து தண்ணீர் பாய்கிறது, குடிக்கிற பக்கம் நூலாக, சொட்டுச் சொட்டாக, அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அவ்வளவு தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு இவ்வளவுதான் உள்ளே விடுகிறது, நல்லது, இவ்வளவு கண்டிப்பாக இருந்தால் நல்லது. முதலில் நிரம்பினதைக் கொட்டச் சொல்கிறான், கொட்டுகிறோம். மறுபடி நிரம்புகிற மட்டும் காத்திருக்கிறோம், அத்தை அவனுக்கு எத்தனை பிள்ளைகள், பெண்டாட்டி எந்த ஊர், அவள் கறிக்குழம்புக்குத் தேங்காய் அரைப்பாளா என்பதுவரை கேட்டுவிட்டார், நான் மித்ராவைத் தூக்கிக்கொண்டு அவள் முடியைக் கோதியபடி நிற்கிறேன், எல்லாம் முடிந்தது, நான் ஒரு வார்த்தை பேசாமலே முடிந்தது என்று எனக்குள் ஒரு நிம்மதி பரவுகிறது. அத்தை ஒரு டம்ளர் பிடித்து வாயில் ஊற்றிக்கொள்கிறார். முகம் கோணுகிறது. "என்னப்பா இது, சப்புன்னு? மழைத்தண்ணியாட்டம். உசிரே இல்லியே இதுல." மித்ராவுக்கும் ஒரு வாய் கொடுக்கிறார், அவள் புர்ரென்று தரையில் துப்பிவிட்டு, "பாட்டி, கொழாத் தண்ணி!" என்கிறாள். "பாத்தியா, குடிக்கமாட்டீங்குது. குடிக்காத தண்ணிய வெச்சு என்ன பூசையா பண்றது?" யுவராஜ் சிரிக்கிறான். "அட, இதுக்குப் போயி. எல்லா வீட்லயும் இதேதான் சொல்வாங்க பாட்டி. பாருங்க, இங்க ஒரு திருகு இருக்கு. இதைக் கொஞ்சம் தொறந்து விட்டா சுத்தம் பண்ண தண்ணியோட பழைய தண்ணியும் கொஞ்சம் கலந்து வரும். டேஸ்ட் வந்துரும். கிருமியெல்லாம் உள்ள எரியற லைட்டுல செத்துரும், பயமே வேணாம்."

பழைய தண்ணி. கலந்து. கிருமிக்கு யார் பயந்தார்கள். அவன் திருப்புளியை அந்தச் சின்ன வாய்க்குள் வைத்துவிட்டு என் பக்கம் திரும்புகிறான், அத்தை பக்கம் திரும்பியிருக்கலாம், என் பக்கம்தான் திரும்புகிறான், "டேஸ்ட் வேணுங்களா மேடம்?" மற்ற தினுசுக் கேள்வி. கை இரண்டிலும் மித்ரா. தலையை ஆட்டினால் ஆமாம் என்றாகிவிடுமோ என்று பயம், எந்தப் பக்கம் ஆட்டுவது என்றே குழம்பிப்போய், "வேணாங்க" என்று சொல்கிறேன். சொல்லிவிட்டேன். அவனும் சரிங்க என்று திருகைத் திறக்கிறான்! ஒரு சுற்று. இன்னும் ஒரு அரைச் சுற்று. ஏன்? வேணாம் என்றுதானே சொன்னேன், என் காதுக்குள் வேணாம் என்றுதானே கேட்டது, பம்பு உறுமுகிறது, அவனுக்கு வேணுங்க என்று கேட்டிருக்கிறது, ஐயோ, இது இன்றைக்கு நேற்று நடப்பதா. காய்கறி வண்டிக்காரர் கத்திரிக்காய் வேணுமாம்மா என்பார், வேணாம் என்பேன், அரைக்கிலோ நிறுத்துப் பையில் போடுவார், நான் வாங்கிக்கொண்டு வந்து குழம்பு வைப்பேன். வளையல் கடையில், மருந்துக் கடையில், பந்தியில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றுகிறவரிடம். என் வேணாம் எல்லாம் வேணுமாகித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது, இத்தனை வருசமும் அவர்களுக்குத்தான் காது சரியில்லை என்று நினைத்தேன். 'ஆ'வுக்கு வாய் திறக்கவேண்டும். 'உ'வுக்கு உதட்டைக் குவித்தால் போதும். இரண்டுக்கும் நடுவில் அவ்வளவுதான் வித்தியாசம், ஒரு வாய் அகலம், அந்த அகலத்தைத்தான் நான் எல்லா வார்த்தையிலிருந்தும் வெட்டி வெட்டி வைத்திருக்கிறேன். திருப்பிச் சொல்லு. சொல்லு ரேணுகா. டம்ளரில் தண்ணீர் இறங்குகிறது, இப்போது நூலாக இல்லை, தாராளமாக இறங்குகிறது. அவன் போகட்டும், போனபிறகு நானே திருகிக்கொள்ளலாம், எந்தப் பக்கம் திருகினால் மூடும், பார்த்தேனே, பார்க்கவில்லை, அவர் வந்ததும் சொல்லலாம், அவர் வந்து அவனுக்குப் போன் போட்டு, அதற்குள் இந்த டம்ளர், நாளைக்கு ஒரு டம்ளர், மெஷின் தண்ணீர்தானே என்று எல்லாரும் நம்பிக் கொடுக்கப்போகிற டம்ளர்கள், வருசக்கணக்காக. மெஷின் இல்லாதபோதாவது எனக்குப் பயம் இருந்தது. அத்தை ஒரு வாய் குடிக்கிறார். "ஆங், இப்பச் செரி! இது தண்ணி." என் கையிலிருந்து மித்ரா நழுவி இறங்குகிறாள், ஓடுகிறாள், தாவிக்கொண்டு முகத்தை அண்ணாந்து வாயைப் பிளக்கிறாள், டம்ளர் சாய்கிறது.

"வேணாம்!"

அது யார் குரல். கூடத்துச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. அத்தையின் கை அப்படியே நிற்கிறது, தண்ணீர் தளும்பி மித்ராவின் கவுனில் கொட்டுகிறது, யுவராஜ் சட்டென்று பம்பை நிறுத்துகிறான். இப்போது எந்தச் சத்தமும் இல்லை, நான் மட்டும் வாய் திறந்தபடி. அவன் என்னைப் பார்க்கிறான், கண்ணைப் பார்த்த பார்வை வாய்க்கு இறங்குகிறது, அங்கே ஒரு நொடி தங்குகிறது, அவசரமாக மேலே ஏறுகிறது, அந்தப் பயணம் எனக்கு அத்துப்படி, அது தொடங்கும்போதே உள்ளங்கை தானாக எழுந்து வாயை மூடும், இப்போதும் எழுகிறது, பாதி எழுந்த கையை நான் கீழே இறக்குகிறேன். "வேணாம்னுதாங்க அப்பவும் சொன்னேன்" என்கிறேன், "உங்களுக்குக் கேக்கல. நல்லாப் பாருங்க, பரவால்ல. இது அழுக்கு இல்லைங்க, தேய்க்காம வுட்டது இல்ல. இந்த மண்ணுத் தண்ணி. எங்க ஊர்லயும் எளநி மாதிரிதான் இருக்கும், இனிப்பா இருக்கும், அள்ளி அள்ளிக் குடிச்சோம். அந்த டேஸ்ட்டுதான் வேணாங்கறேன். இவளுக்கு உள்ள இன்னும் பல்லு உருவாயிட்டு இருக்கு." இவ்வளவு 'ஆ' ஒரே மூச்சில் நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை, மேலுதடு உலர்ந்து பல்லில் ஒட்டிக்கொள்கிறது, நாக்கால் தடவி எடுத்துவிட்டு நிற்கிறேன். யுவராஜ் மெஷின் பக்கம் திரும்புகிறான். திருப்புளியை வைத்துத் திருகுகிறான், திருகு நிற்குமிடம் வந்த பிறகும் இன்னும் ஒருமுறை அழுத்துகிறான். "முழுசா மூடிட்டேங்க" என்கிறான் மெஷினிடம் சொல்வதுபோல, "தொட்டியில இருக்கறதையும் கொட்டிட்டுப் புதுசாப் புடிச்சிக்கலாம்."

அத்தை இன்னும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகம் சுருங்கிவிட்டது. "நானென்ன வெசத்தையா குடுத்தேன் எம் பேத்திக்கு" என்கிறார், யாரையும் பார்க்காமல். "இல்லைங்கத்தை." "எனக்கென்னடி தெரியும். பல்லு வெளக்க மாட்டீங்கற புள்ளைன்னுதான் நான் நெனச்சிருந்தேன். இத்தன வருசமா ஒருக்கா வாயத் தொறந்து சொன்னயா நீயி?" சொல்லவில்லை. அது உண்மை. அவருக்குக் கோபமா, அழுகையா, குரலில் தெரியவில்லை, டம்ளரை ஒரு தடவை பார்க்கிறார், சிங்க்கில் கொட்டுவார் என்று நினைக்கிறேன், அண்ணாந்து மடக்மடக்கென்று தானே குடித்துவிடுகிறார். "எனக்கு இனி எந்தப் பல்லு மொளைக்கப் போவுது" என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைக்கிறார். யுவராஜ் வந்த சிரிப்பை அடக்கிக்கொள்கிறான், எனக்கும் வருகிறது, நான் அடக்கவில்லை, அது சிரிப்பாக இல்லாமல் வேறு ஏதோவாக வெளியே வருகிறது. பம்பு மறுபடி உறுமுகிறது. நூல் மாதிரி இறங்குகிறது தண்ணீர். நிரம்பட்டும் என்று நிற்கிறேன், ஆடியும் ஆவணியும் புரட்டாசியும் மனசுக்குள் மறுபடி சுற்றத் தொடங்குகின்றன, அவற்றை நான் திருகி மூட முடியாது, புதுப்பல் முளைக்கிற வயசு வரும்வரை ஒவ்வொரு நாளும் அவள் வாய்க்குள் பார்த்துக்கொண்டேதான் இருக்கப்போகிறேன். டம்ளரைப் பிடித்து மித்ராவின் முன்னால் உட்காருகிறேன். அவள் ஒரு வாய் குடிக்கிறாள். உதட்டைப் பிதுக்குகிறாள்.

"அம்மா, நல்லால்ல."

"ஆமா," என்கிறேன் வாய் நிறைய. "நல்லால்லதான். குடி."